கையுறையோடு வந்த பட்லர்

பெங்களூரில் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த தண்டுப் பகுதியில் அன்று நகரசபைத் தேர்தல். பள்ளி வாத்தியாரான நான் ஓட்டுச்சாவடிக் குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்தேன். மர்பி டவுனிலிருந்து ஒருவர் வந்தார். பட்டாளத்து மெஸ்ஸில் பட்லர். நரைத்த மீசை, கைகளில் துரைகளுக்குப் பரிமாறும் வெள்ளைக் கையுறை. அதன் விரல் நுனிகளை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தார்.

“கைநாட்டு வைக்கணும், கழட்டுங்க” என்றேன்.

“வேணாம் சார். என் ரேகை தொரை ஆபீஸ்ல இருக்கு. ஓட்டுச் சீட்டுல பட்டா ஒத்துப் பாத்துடுவாங்க.”

“மை நோட்டுலதான் படும். யாருக்குப் போட்டீங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது.”

“எங்க தெருவுக்குக் கொழாய் கொண்டாந்தவருக்குத்தான் சார் போடணும். ஆனா இப்ப அவரு கதர் குல்லா போட்டுட்டாரே! வெள்ளக்காரனப் போகச் சொல்ற கட்சிக்குப் போட்டேன்னு வேலய விட்டுத் தூக்கிட்டா?”

கடைசியில் கையுறையைக் கழற்றினார். பெருவிரலை நோட்டில் வைத்தார். மை உலர்வதற்குள் கையுறையை மாட்டிக்கொண்டு, சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார். வெள்ளைத் துணியில் கறை ஊறியிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

சாயங்காலம் பெட்டிக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள். ஒருத்தருக்கும் தெரியாது என்று அவருக்குத் தைரியம் சொன்ன நான், என் சர்க்கார் வேலை போய்விடுமோ என்று பயந்து, என் ஓட்டைப் போடவேயில்லை.