நிறுத்தியவர் பெயர்

"தன்னிச்சையாக நடப்பவர். கீழே வேலை செய்பவர்களை நம்பாதவர். பொறுப்பைப் பகிர்ந்து கொடுக்கத் தெரியாதவர். பதினொரு ஆண்டுகளில் பணியோட்டத்தை இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு முறை தாமே நிறுத்தியுள்ளார்."

ஒரு பிரிவுத் தலைவியின் கோப்பில் கடைசிப் பக்கம் இப்படி முடிகிறது. எழுதியவர் பொய் சொல்லும் ஆளில்லை. எண்ணிக்கையை இரண்டு முறை கூட்டிப் பார்த்திருக்கிறார். எண்ணிக்கை சரி. அது அவ்வளவு சரியாக இருந்ததால்தான் மற்றதெல்லாம் அவ்வளவு தப்பாகப் போனது.

அந்த அம்மாளைப் பார்த்தவர்களுக்குத் தன்னிச்சை என்ற சொல் கொஞ்சம் அதிகமாகத் தெரியும். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்கும் இடம்வரை போய், அங்கிருந்து திரும்பி நடந்து வருகிறவர் அவர். ஒரு பஸ்ஸை நிறுத்தத் தெரியாதவர் ஒரு ஆலையை இரண்டாயிரம் தடவைக்கு மேல் நிறுத்தியிருக்கிறார் என்றால் அதில் ஏதோ இடிக்கிறது என்று மாடியில் இருக்கும் நிர்வாகத்தில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றியது. அதுதான் இன்னும் வருத்தம்.

ஆலை என்பது ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் இடம். ஐந்து ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பு, அங்கி, அறுவைச் சிகிச்சைத் துணி எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து ஒரு பெல்ட்டின்மேல் கொட்டப்படும். பெல்ட்டின் இரு பக்கமும் நாலு நாலு பேராக எட்டுப் பேர் நின்று பிரித்துப் போடுவார்கள். துணியோடு துணியாகக் கத்தரிக்கோல் வரும், உடைந்த மருந்துக் குப்பி வரும், மூக்குக் கண்ணாடி வரும். ஒருமுறை முழுப் பல்செட்டு ஒன்று வந்தது. கேட்டு யாரும் வரவில்லை. அடிக்கடி வருவது ஊசி. தடித்த கையுறை போட்டால் துணிக்குள் என்ன இருக்கிறது என்று கைக்குத் தெரியாது. மெல்லியது போட்டால் ஊசிக்குத் தெரிந்துவிடும். நிர்வாகம் இரண்டையும் கொடுத்திருந்தது. எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

பெல்ட்டுக்கு மேலே நீளவாக்கில் ஒரு சிவப்புக் கயிறு ஓடும். சந்தேகமாக எதையாவது கண்டால் இழுக்க வேண்டும். பெல்ட் நிற்கும், இடுக்கியால் அதை எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி ஓட விடலாம். இரண்டு நிமிட வேலை. பிறகு ஒரு சீட்டு எழுத வேண்டும்: நேரம், காரணம், நிறுத்தியவர் பெயர். ஒரே பெயரில் மாதம் ஒரு சீட்டு மன்னிக்கப்படும். இரண்டானால் மாடிக்குக் கூப்பிடுவார்கள். மூன்றானால் அடுத்த ஒப்பந்தம் வராது. கயிற்றை இழுக்காமல் கையில் குத்திக்கொண்டாலோ, அது கவனக்குறைவு. ஒரே குத்து மூன்று சீட்டுக்குச் சமம். கயிறு பாதுகாப்புத் துறை கட்டியது. சீட்டு உற்பத்தித் துறை அச்சடித்தது. இரண்டு துறையும் ஒரே மாடியில்தான் இருந்தன.

அவர் அங்கே பிரித்துப் போடும் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு மாதக் கடைசியில், அங்கி ஒன்றின் மடிப்பில் ஏதோ மின்னியதைப் பார்த்தார். அந்த மாதம் அவர் பெயரில் ஏற்கெனவே இரண்டு சீட்டு. கயிற்றை இழுக்கவில்லை. ஊசி குத்தியது. அதை யாரிடமும் சொல்லவுமில்லை. ஆறு மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. அந்த ஆறு மாதமும் வீட்டில் காய் நறுக்கும் கத்தியைத் தனக்கென்று தனியாக வைத்திருந்தார். ஏன் என்று கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

அவரைப் பிரிவுத் தலைவியாக்கிய அன்று காலை, கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்த சீட்டுப் புத்தகத்தை எடுத்துத் தன் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சீட்டு என்கிட்ட இருக்கட்டும். நீங்க கயித்தை மட்டும் இழுங்க."

அவருடைய நிர்வாகக் கொள்கை மொத்தமும் இவ்வளவுதான். விதியில் ஒரு பொத்தல் இருப்பதை அவர் பார்த்திருந்தார். தலைவருக்கு இத்தனை சீட்டுத்தான் என்று வரம்பு எதுவும் போடவில்லை. ஒரு தலைவர் கயிற்றை இழுப்பார் என்று விதி எழுதியவருக்குத் தோன்றவேயில்லை. அன்றிலிருந்து பெல்ட் நின்றபோதெல்லாம் நிறுத்தியவர் பெயர் என்ற இடத்தில் ஒரே கையெழுத்து. மாடியில் அவருக்கு 'பிரேக் அக்கா' என்று பெயர் வைத்தார்கள். கீழே வெறும் அக்கா. பதினொரு வருடத்தில் அவர் பிரிவில் ஒருவருக்கும் ஊசி குத்தவில்லை. குத்தாத ஊசிகளை எண்ணுவதற்கு அச்சடித்த சீட்டு எதுவும் இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நிர்வாகத்துக்குத் தலைமை என்பதைப் புதிதாக யோசிக்க வேண்டும் என்று ஞானம் பிறந்தது. மிரட்டி வேலை வாங்கும் காலம் போய்விட்டதாம். மனிதர்கள் தங்களால் முடிந்த சிறந்த வேலையைச் செய்யப் பயமில்லாத சூழல் வேண்டுமாம். எல்லாம் நியாயமான பேச்சு. அதைச் சொல்ல மூன்று நாளுக்கு ஒரு பயிற்சியாளர் வந்தார், நல்ல மனிதர், எல்லோரையும் பெயர் கேட்டுக் கைகுலுக்கினார். முதல் நாள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டார். இரண்டாம் நாள் ஒரு பந்தைத் தூக்கிப் போட்டு, பிடித்தவர் மனதில் உள்ளதைப் பேச வேண்டும் என்றார். பெல்ட்டில் எது வந்தாலும் தப்ப விடாத எட்டுப் பேர் அந்தப் பந்தை மட்டும் மாற்றி மாற்றித் தவற விட்டார்கள். அன்று மாலை பயிற்சியாளர் பிரிவுத் தலைவர்களின் சீட்டுக் கணக்கைக் கேட்டு வாங்கி, இரண்டு முறை கூட்டிப் பார்த்து, அக்காவின் கோப்பில் எழுதி வைத்தார்.

அடுத்த நாள் காலை, மேலாளர் அக்காவை மாடிக்கு அழைத்து, ஒரு சீட்டை மேஜைமேல் வைத்தார்.

"போன மாசம் ஏழாந்தேதி காலையில பத்து பத்துக்கு நீங்க இதே நாற்காலியில உக்கார்ந்திருந்தீங்க அக்கா. அதே பத்து பத்துக்குக் கீழே பெல்ட்டை நிறுத்தியிருக்கீங்க. அவ்வளவு தூரத்துக்குக் கை எட்டுமா உங்களுக்கு?"

"என் வாட்ச் கொஞ்சம் முன்னே பின்னே ஓடும் சார்."

அவர் கையில் வாட்ச் இல்லை. மேலாளரும் அதைப் பார்த்தார்.

பார்த்துவிட்டு, கொஞ்சம் இறங்கியே பேசினார். இந்தக் கணக்கோடு அவரைத் தலைவியாக வைத்திருக்கத் தன்னால் முடியாது, ஆனால் நிஜமாக இழுத்தவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் கொடுத்தால் கோப்பைத் திருத்திவிடலாம், பதவி தப்பும். பட்டியலில் இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்று அக்கா கேட்டார். விதிப்படி ஆகும் என்றார் மேலாளர். எட்டுப் பேரின் ஒப்பந்தமும் அந்த மாதம்தான் முடிகிறது என்பது இருவருக்குமே தெரியும். எல்லாச் சீட்டும் தன்னுடையதுதான் என்று சொல்லிவிட்டு அக்கா இறங்கிப் போனார்.

பிற்பகல் பயிற்சியாளர் சுவரில் ஒரு படம் போட்டார். பத்துக் கை உள்ள ஒரு மனுஷி. ஒவ்வொரு கையிலும் ஒரு கயிறு. எல்லாவற்றையும் தன் கையிலேயே வைத்துக்கொள்ளும் தலைவர்தான் தன் ஆட்களை வளரவிடாத தலைவர் என்று விளக்கினார். யாருடைய பெயரையும் சொல்லவில்லை. எட்டுப் பேரும் அக்காவைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள்.

"இது பாதுகாப்பான இடம். யார் என்ன வேணா சொல்லலாம்," என்றார் பயிற்சியாளர்.

எட்டுப் பேரில் சித்தப்பா எழுந்தார். யாருக்கும் சித்தப்பா இல்லை. வயதில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் சித்தப்பா. அந்த ஏழாந்தேதிக் கயிற்றை இழுத்தவர் அவர்தான். தொண்டையைச் செருமிக்கொண்டார். அறை மொத்தமும் அவர் வாயையே பார்த்தது.

"அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைக்கலாமா சார்?"

கூட்டி வைத்தார்கள்.

அக்காவின் கணவர் டிரைவிங் ஸ்கூலில் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அன்று சாயங்காலம்தான் முதல்முறையாக அக்கா வீட்டில் எல்லாவற்றையும் சொன்னார். கேட்டுவிட்டு, அந்தப் பயிற்சியாளர் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்றார் கணவர். தினமும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே பேசுகிறவருக்கு நியாயம் சொல்லும் துணிச்சல் கொஞ்சம் அதிகம்.

"என் காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கு, ஆபத்துக்குன்னு. எல்லாத்துக்கும் நானே அமுக்கினா, கத்துக்க வந்தவன் காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு வேடிக்கைதான் பார்ப்பான். எட்டுப் பேர்ல ஒருத்தன் வாயைத் திறந்தானா பாரு."

"உங்க வண்டியில பிரேக் போட்டவனை வேலையை விட்டுத் தூக்க மாட்டாங்க."

கணவர் தண்ணீர் கேட்டார். வாதத்தில் தோற்கும்போதெல்லாம் அவருக்குத் தாகம் எடுக்கும்.

அக்காவைப் பொதி கட்டும் அறைக்கு மாற்றினார்கள். எட்டுப் பேரில் கைவேகம் அதிகம் என்பதால் 'மின்னல்' என்று பெயர் வாங்கிய பெண் தலைவியானாள். இனிமேல் ஒவ்வொருவரும் அவரவர் பெயரில் தைரியமாகக் கயிற்றை இழுக்கலாம் என்று சுற்றறிக்கை வந்தது. மாதத்துக்கு ஒன்று என்ற விதி மட்டும் அப்படியே இருந்தது. அது வேறு துறையின் விதி. மின்னல் கெட்டவள் இல்லை. சீட்டுப் புத்தகத்தை அக்காவைப் போலவே தன் பைக்குள் போட்டுக்கொள்ளத்தான் பார்த்தாள். அதற்குள் விதியின் பொத்தலை அடைத்துவிட்டார்கள். தலைவருக்கும் மாதம் ஒன்றுதான். புத்தகம் மறுபடி கம்பத்தில் தொங்கியது. முதல் மாதம் பெல்ட் ஒருமுறைகூட நிற்கவில்லை. பலகையில் சிரிக்கும் முகம் ஒன்றை ஒட்டினார்கள்.

இரண்டாம் மாதம் சித்தப்பா பொதி அறைக்கு வந்து பிளாஸ்திரி கேட்டார். முதலுதவிப் பெட்டி அங்கேதான் இருந்தது. ஒட்டிவிட்டபடி அக்கா விரலைப் பார்த்தார். கிழிந்த காயம் இல்லை. ஒரே ஒரு புள்ளி.

"எழுதிக் கொடுத்துடுங்க சித்தப்பா."

"யார் பேர்ல அக்கா?"

ஷிப்ட் முடிந்ததும் அக்கா கணவரின் டிரைவிங் ஸ்கூல் காரில் அவரை ஏற்றி ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். வீட்டில் பட்டன் தைத்தபோது குத்திவிட்டது என்று சித்தப்பா டாக்டரிடம் சொன்னார். வீட்டு ஊசிதானே, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் ஒரு தடுப்பூசியோடு மருந்துச் சீட்டை முடிக்கப் போனார். நோயாளிக்குப் போட்ட ஊசியாக இருந்தால்தான் நோய் தொற்றாமலிருக்க மூன்று நாளுக்குள் மருந்து தொடங்க வேண்டும்; அப்படியானால் வேலை செய்யும் இடத்துக்குத் தகவலும் அனுப்பியாக வேண்டும் என்றார்.

சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸை நிறுத்தக் குரல் வராத அந்த அம்மாள் பேசினார். அது ஆஸ்பத்திரித் துணியில் வந்த ஊசி என்றார். ஆலையின் பெயரைச் சொன்னார், பிரிவைச் சொன்னார், தேதியைச் சொன்னார். தகவலில் யார் பெயரை எழுதுவது என்று டாக்டர் கேட்டதற்குச் சித்தப்பாவின் பெயரைச் சொன்னார். மருந்து அன்றே தொடங்கியது. சித்தப்பாவின் ஒப்பந்தத்தை அந்த மாதத்தோடு முடித்துவிட்டார்கள். அதன்பிறகு அவர் அக்காவோடு பேசவில்லை. மற்ற ஏழு பேரும் வணக்கம் சொல்வதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

பதினொரு வருடத்தில் அவர் அந்தக் கயிற்றை இழுத்தது ஒன்பது தடவை. மற்றவர்கள் இழுத்த இரண்டாயிரத்து முந்நூற்று ஏழு தடவையும் தன் பெயரை எழுதினார். ஒரே ஒரு தடவை வேறொருவர் பெயரைக் கொடுத்தார்.