ஒட்டிக்கொண்ட விழித்திரையும் இரண்டு டிரெய்லர் லாரிகளும்

அனுமதிக்கப்பட்ட ஒரு சிகிச்சையின் விளைவாக உறுப்பினருக்குக் கோளாறு ஏதும் ஏற்பட்டால், அதற்கான சிகிச்சை முதல் சிகிச்சையின் தொடர்ச்சியாகவே கருதப்படும். எங்கள் ஓய்வூதியர் மருத்துவத் திட்டத்தின் விதி இது. புரிந்துகொள்ள வக்கீல் வேண்டாம், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். அந்தத் தகுதியும் இல்லாதவர்களிடம் என் வலது கண் போய் மாட்டிக்கொண்டது.

ராயபுரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அந்தக் கண்ணின் ஓரத்தில் கறுப்புத் திரை ஒன்று ஏறியது. விழித்திரை பிய்ந்துவிட்டது என்றார்கள் கண் ஆஸ்பத்திரியில். தாமதித்தால் பார்வையே போய்விடும் என்று மறுநாளே கண்ணைச் சுற்றி சிலிக்கோன் பட்டை ஒன்றைக் கட்டி ஒட்டவைத்தார்கள். அதில் எனக்குப் புகார் இல்லை. அந்தப் பட்டை கண்ணை அசைக்கும் தசைகளுக்கு அடியில் போகிறது, அதனால் தசைகள் இறுகி, கண் சரியாகத் திரும்பாமல் போகலாம் என்பதை முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. பின்னால் நானே படித்துத் தெரிந்துகொண்டேன்.

கட்டைப் பிரித்த டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"ரெட்டினா சூப்பரா ஒட்டியிருக்கு சார். சக்சஸ்."

"நீங்க ரெண்டு பேரா தெரியறீங்க டாக்டர். ஒருத்தர் தோள் மேல இன்னொருத்தர்."

"வீக்கம்தான் சார். வடிஞ்சா சரியாயிடும்."

வீக்கம் வடிந்தது. டாக்டர் இரண்டு பேராகவே இருந்தார். அடுத்த முறை போனபோது, "ஒரு கண்ணை மூடிக்கிட்டா ஒண்ணாத்தானே தெரியுது?" என்று கேட்டார், பெரிய மருத்துவ உண்மையைக் கண்டுபிடித்தவர்போல.

துறைமுகத்தில் நான் டாலி கிளார்க்காகச் சேர்ந்தவன். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கைக் கப்பல்காரனின் ஆள் ஒரு பக்கம் எண்ணுவான், நாங்கள் ஒரு பக்கம் எண்ணுவோம். இரண்டு கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் மறுபடி எண்ணவேண்டும். ஒரு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கணக்கு சரியாகிவிட்டது என்று சொன்னவனை எங்கள் காலத்தில் சஸ்பெண்ட் செய்வார்கள். கண் ஆஸ்பத்திரியில் அதற்குப் பெயர் ஆலோசனை.

கண்ணாடியில் ஒரு பக்கத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டியும் பார்த்தேன். உருவம் ஒன்றானது, தூரம் தொலைந்தது. டம்ளருக்கு வெளியே டீயை ஊற்றினேன். அதைவிட முக்கியம், சாலை.

என் வீடு விம்கோ நகரில். எண்ணூர் விரைவுச் சாலையைக் கடந்தால் ஒரு டீக்கடை. தினமும் காலையில் அங்கே போய்ப் பழைய கிரேன் ஆபரேட்டர் ஒருவனோடு உட்கார்ந்திருப்பேன். முப்பது வருட சிநேகம். நடுவில் கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் லாரிகள் ஓடும் சாலை. என் கண்ணோ வலது பக்கம் திரும்பத்தான் மறுக்கிறது. அந்தப் பக்கம் பார்த்தால் இரண்டு உருவங்களும் இன்னும் விலகும். இந்த நாட்டில் சாலையைக் கடப்பவன் முதலில் பார்க்கவேண்டியது வலது பக்கத்தைத்தான்.

ஒரு காலையில் இரண்டு டிரெய்லர் லாரிகள் வந்தன. ஒன்று பொய் என்று தெரியும். எது என்றுதான் தெரியவில்லை. பொய் லாரிக்கு வழிவிட்டு, மெய் லாரிக்கு முன்னால் போய் நின்றேன். பிரேக் போட்ட சத்தம் கடல்வரை கேட்டிருக்கும்.

டிரைவர் தலையை நீட்டினார். "இன்னா பெருசு, வூட்ல சொல்லிகினு வந்தியா?"

நண்பன் ஓடிவந்து தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். டீக்கடை பெஞ்சில் என்னை உட்காரவைத்த பிறகும் அவன் வாய் நிற்கவில்லை. "மாமு, உனுக்கு இன்னா கவலை? குவாட்டர் வாங்குனா ஆஃபா தெரியும். நாங்கதான் பேஜாருல கீறோம்."

மறுநாளிலிருந்து என் மனைவி சாலைவரை வந்து, பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல மணிக்கட்டைப் பிடித்துக் கடத்திவிட்டாள். திரும்பும்போது அந்தப் பொறுப்பு நண்பனுக்கு. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தச் சாலையை நான் தனியாகக் கடக்கவேண்டும்.

மாறுகண்ணைச் சரிசெய்யும் வேறொரு மருத்துவர் பார்த்தார், இது அந்த வகைதான் என்றார். தசையைத் தளர்த்தி அறுவைச் சிகிச்சை செய்தால் நேராகப் பார்க்கும்போது ஒன்றாகத் தெரிய நல்ல வாய்ப்பு உண்டு என்றார். திட்ட அலுவலகத்துக்கு மனு போட்டேன். விதியை அதிலேயே எழுதினேன். நிராகரித்தார்கள். காரணம்: மாறுகண் திருத்தம் அழகுக்காகச் செய்யப்படும் சிகிச்சை.

நேரில் போனேன். மனைவிதான் கூட்டிக்கொண்டு போனாள். அதிகாரிக்கு என் மகன் வயது இருக்கும்.

"இந்த வயசுல மாறுகண்ணைச் சரி பண்ணி என்ன சார் செய்யப் போறீங்க? பொண்ணு பாக்கவா போறீங்க?"

பக்கத்து மேஜைகள் சிரித்தன. எனக்குத் தெரிந்த சிரிப்புதான். மேலதிகாரி ஜோக் அடித்தால் கீழே உள்ளவர்கள் சிரிக்கவேண்டும் என்பது எந்தச் சுற்றறிக்கையிலும் கிடையாது, எல்லா அலுவலகத்திலும் உண்டு.

"பொண்ணு கூடவே வந்துகீது," என்றாள் என் மனைவி. "ரோடு தாண்டத்தான் கண்ணு வோணும்."

அதிகாரி கணினித் திரைக்குள் ஒளிந்துகொண்டார்.

மேல்முறையீடு செய்தேன். ஒப்புகை அட்டை வந்தது, பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினேன். நினைவூட்டலுக்கு நினைவூட்டல் அனுப்பினேன். தொலைபேசியில், "ஃபைல் மூவ் ஆயிட்டிருக்கு சார்," என்றது ஒரு குரல். எந்தத் திசையில் என்று கேட்டேன். வைத்துவிட்டார்கள். பதில் தராமல் இருப்பது எப்படி என்று எனக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை, நானும் துறைமுக அலுவலகத்தில் கோப்புகளோடு உட்கார்ந்திருந்தவன்தான். ஆள் சலித்துப்போவான், அல்லது செத்துப்போவான், கோப்பு தானாக மூடிக்கொள்ளும். நான் இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. இரண்டு உருவமும் கொஞ்சமாவது நெருங்கட்டும் என்று பல மாதங்கள் தலையை ஒருபக்கம் சாய்த்தே நடந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. எதிரே வருகிறவர்கள், இவன் ஏன் நம்மை நக்கலாகப் பார்க்கிறான் என்று முறைத்துவிட்டுப் போனார்கள்.

கடைசியில் தபால்காரர் ஓர் உறை கொண்டுவந்தார். கையெழுத்துப் போடவேண்டிய கோடுகூட இரண்டு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். மாறுகண் அறுவைச் சிகிச்சைக்கு அனுமதி. முதல் மனுவில் நான் எழுதிய அதே விதியை, தாங்களே கண்டுபிடித்ததுபோல மேற்கோள் காட்டியிருந்தார்கள். தாமதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. கேலியைப் பற்றியும் இல்லை.

"இன்னா எழுதிக்கீது?" என்று கேட்டாள் மனைவி.

"ரோட்டை நானே தாண்டலாமாம்."

"ஆப்பரேசன் முடியட்டும். அதுவரிக்கும் கைய வுட மாட்டேன்."

கடிதத்தில் கையெழுத்தாகியிருந்த தேதி தீபாவளிக்கு முந்தியது. அனுமதி கொடுத்த பிறகும், ஓர் உறையில் போட்டு ஒட்ட அவர்களுக்கு இத்தனை நாள் தேவைப்பட்டிருக்கிறது. தெருவில் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள், ஜன்னல் வழியாகப் புகை வந்தது. பேனாவை எடுத்தேன். வருகிற எந்தக் காகிதத்திலும் பெற்றுக்கொண்ட நாளைத் தலைப்பில் குறிப்பது வேலைக்காலப் பழக்கம். குறித்தேன்: போகி.