காதுக்காரரும் மேட்டில் அடங்கிய வண்டியும்

காதுக்காரர் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்துவிட்டால் அந்தத் தெருவே வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். "சத்தம்!" என்று பட்டறைக்குள்ளிருந்து ஒரு அதட்டல் வரும். உடனே முன்னறையில் அவர் மனைவியின் தையல் மிஷின் நின்றுவிடும். எதிர்க்கடைத் தச்சர் ரம்பத்தைப் பாதிப் பலகையிலேயே நிறுத்திவிட்டு முணுமுணுப்பார்.

"சத்தம் போடாதேன்னு சொல்ல இந்த மனுஷன் போடுற சத்தம்தான் இந்தத் தெருவுலேயே பெரிய சத்தம்."

சொல்லுவாரே தவிர, ரம்பத்தை இழுக்கமாட்டார். ஏனென்றால் அடுத்து நடப்பதைப் பார்க்க அவருக்கும் ஆசை. மரப்பெட்டிமேல் ஏற்றி நிறுத்திய மோட்டார் சைக்கிள் வண்டி, இரண்டு சக்கரமும் அந்தரத்தில் தொங்க, இருமிக்கொண்டும் புகை கக்கிக்கொண்டும் நிற்கும். காதுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கார்ப்பரேட்டரின் காற்று ஸ்க்ரூவை மயிரிழை அளவு திருப்புவார். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். திடீரென்று இருமல் நின்று எஞ்சின் ஒரே சீராகப் பேச ஆரம்பிக்கும். அப்போது அவர் முகத்தில் வரும் சிரிப்பு இருக்கிறதே, பெற்ற பிள்ளை முதல் பரிசு வாங்கினால்கூட அப்படி ஒரு சிரிப்பு வராது.

பெட்ரோலும் காற்றும் எந்த அளவில் கலக்க வேண்டுமோ அந்த அளவில் கலந்து எஞ்சினுக்கு ஊட்டிவிடுவதுதான் கார்ப்பரேட்டரின் வேலை. காதுக்காரருக்குத் தெரிந்த வேலையும் அது ஒன்றுதான். சக்கரம் கோணலா, பிரேக் பிடிக்கவில்லையா, வேறு ஆளைப் பாருங்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். பஸ் டிப்போவில் எண்ணெய்ப் பிசுக்குக் கழுவும் வேலையில் சேர்ந்தவர், எந்த பஸ் உள்ளே வருகிறது என்று முதுகைத் திருப்பிக்கொண்டே சொல்லப்போய் அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு சேற்றிலும் மேட்டிலும் பாய்கிற பந்தய வண்டிக்காரர்கள் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். டிப்போவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை போட்டார்.

இன்னொரு குணமும் அவருக்கு உண்டு. எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும். ஸ்பேனர்கள் சுவரில் உயர வரிசைப்படி தொங்கும். ஒரு ஒயர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

ஆனால் ஒரு விஷயத்தை யாரும் அவரிடம் கேட்டதில்லை. இத்தனை பந்தய வண்டிக்கு உயிர் கொடுத்த மனிதர், அவற்றில் ஒன்றின்மேல்கூட ஒரு நாளும் ஏறி உட்கார்ந்ததில்லை. கடைக்குப் போவதும் வருவதும் சைக்கிளில்தான். சீட்டின் உயரத்தைப் பார்த்தாலே இரண்டு அடி தள்ளி நின்றுகொள்வார், அவ்வளவு பயம்.

அவர் மனைவியின் தங்கைக்கோ பயம் என்றால் என்னவென்றே தெரியாது. தெரியாது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனை வேலை. வாரம் முழுக்க ஊசியும் கையுமாக இருப்பவள், விடுமுறை வந்தால் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பந்தய மைதானத்துக்குப் போய்விடுவாள். போன பந்தயத்தில் மேட்டிலிருந்து உருண்டு தோள்பட்டை எலும்பு உடைந்தது. அது கூடும் நாட்களில் காதுக்காரர் அவள் வண்டியைக் கடைசி ஆணிவரை பிரித்து, கழுவி, புதுக் குழாய்கள் போட்டு, கல்யாணப் பெண்ணைப் போல ஜோடித்துக் கொடுத்தார்.

தோள் ஆறி அவள் மறுபடி ஓட்டப்போன நாளிலிருந்து வம்பு ஆரம்பித்தது.

"மாமா, பெரிய மேட்டுல பாதி ஏறினதும் மூச்சு முட்டி அடங்கிடுது. இறங்கி ஒரு உதை விட்டா உடனே கிளம்பிடுது. மறுபடி மேட்டுக்கு வந்தா அதே கதை."

அவர் வண்டியைப் பெட்டிமேல் ஏற்றினார். "சத்தம்!" என்றார். தெரு அடங்கியது. வண்டி அழகாக ஓடியது. வலது கைப்பிடியிலிருக்கும் ஆக்ஸிலேட்டரை முறுக்கினார், சீறியது. விட்டார், தணிந்தது. இருந்தாலும் பெட்ரோல் பாயும் ஜெட்டைக் கழற்றி ஊதினார், அதற்குள் இறங்கும் ஊசியை ஒரு படி ஏற்றினார், காற்று ஸ்க்ரூவைத் தொட்டார். அவள் எடுத்துப்போனாள். அன்று மாலையே தள்ளிக்கொண்டு வந்தாள்.

இது வாராவாரம் நடந்தது. வண்டி அவரிடம் வந்தால் சமர்த்து, அவளிடம் போனால் அடம். ஒரு நாள் காதுக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. மூக்குமேல் கோபம் உள்ளவர், வாயை விட்டுவிட்டார்.

"இந்தா பாரு பொண்ணே, வண்டியில ஒரு குறையும் இல்ல. என் காது பொய் சொல்லாது. குறை உன் கையிலதான். விழுந்த பயம் உள்ள உட்கார்ந்திருக்கு. மேட்டைப் பார்த்ததும் உனக்கே தெரியாம கை முறுக்கை விட்டுடுது. வண்டி அடங்காம என்ன செய்யும்?"

எப்போதும் பதிலுக்குப் பதில் பேசுகிறவள், அன்று தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

வருடத்தின் கடைசிப் பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வந்து ஹெல்மெட்டையும் பூட்ஸையும் பட்டறை மேசைமேல் வைத்தாள்.

"நான் ஓட்டப்போறதில்ல மாமா. நீங்க சொன்னதுதான் சரி. நானும் கவனிச்சுப் பார்த்துட்டேன். மேடு வந்தாலே நெஞ்சு அடிச்சுக்குது. கை என்ன செய்யுதுன்னு எனக்கே தெரியல. பயந்தவ ஓட்டக்கூடாது. வண்டியை வேற யாராவது ஓட்டட்டும்."

"ஏய், நான் ஏதோ கோபத்துல..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் அவள் வாசலைத் தாண்டிவிட்டாள். அழுதாளா இல்லையா என்று தெரியவில்லை. காதுக்காரருக்கு மனசே சரியில்லை.

மனைவி தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்தாள். அவள் அதிகம் பேசமாட்டாள். பேசினால் ஊசி ஏற்றினாற்போல் இருக்கும்.

"என்னங்க, குறை அவ கையிலதான்னு சொன்னீங்களே, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வண்டி நல்லா ஓடுதே. கேட்டேனே!"

"பெட்டிமேல நிக்கும்போது கேட்டீங்க. அவ பெட்டிமேலயா ஓட்டுறா? ஒரு நாளாவது நீங்க அதுமேல ஏறி உட்கார்ந்து பார்த்திருக்கீங்களா?"

"டாக்டர் என்ன, நோயாளி முதுகுல ஏறி உட்கார்ந்தா வைத்தியம் பார்க்கிறார்?"

"எந்த டாக்டரும் நோயாளியைப் பார்த்து 'உனக்கு நோயே இல்ல, நீ பயந்தாங்கொள்ளி'ன்னு சொல்றதில்ல," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

சுருக்கென்று தைத்தது. அன்று இரவு அவர் தூங்கினாற்போல் நடித்தார். மனைவியும் அதை நம்பினாற்போல் நடித்தாள்.

சனிக்கிழமை காலையில் தெருக்கோடியிலிருக்கும் காலி மைதானத்துக்குக் காதுக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். தச்சர் விடுவாரா? கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் பின்னால் வந்தார்.

"என்ன காதுக்காரரே, வண்டிக்கு நடைப்பயிற்சியா?"

"ஓட்டப்போறேன்."

தச்சர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு அக்கறையாக, "வீட்டுல சொல்லிட்டு வந்தீங்களா?" என்று கேட்டார்.

ஹெல்மெட் காதுக்காரரின் தலையில் பாதிவரைதான் இறங்கியது. வண்டியை ஒரு கல்லோரம் சாய்த்து, கல்லின்மேல் ஏறி, அங்கிருந்து சீட்டுக்கு மாறினார். நல்ல பாரமான உடம்பு. வண்டி அவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதுபோலப் பின்பக்கம் புஸ்ஸென்று அமுங்கியது. கியரைப் போட்டார். அடுத்த நொடி வண்டி துள்ளிக்கொண்டு பாய்ந்தது.

"ஐயோ, ஐயோ, ஐயோ!" என்று ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒன்றாகக் கத்திக்கொண்டே போனார். பயத்தில் கை முறுக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டதே தவிர, விடுகிற வழியைக் காணோம். எஞ்சின் அலறியது. தச்சர் கும்பிட்ட கையோடு நின்றார். மைதானத்தின் பாதியில் வண்டி ஒரு இருமல் இருமி, மூச்சு முட்டி, அப்படியே அடங்கிப்போனது. காதுக்காரர் பக்கவாட்டில் சாய்ந்து, முதல் நாள் மழையில் தேங்கிய சேற்றில் மெத்தென்று விழுந்தார்.

தச்சர் ஓடிவந்து வண்டியைத் தூக்கினார். "அடி பட்டுதா?"

காதுக்காரர் சேற்றில் உட்கார்ந்தபடியே தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் முறுக்கை விடல. பயத்துல செத்துட்டேன்யா, ஆனா கை விடல! இறுக்கித்தான் பிடிச்சுக்கிட்டிருந்தேன். அப்போ ஏன் அடங்குச்சு?"

எழுந்து கிக்கரை உதைத்தார். வண்டி உடனே கிளம்பி, ஒன்றும் தெரியாத பாப்பாபோல நின்று பாடியது. ஏறி உட்கார்ந்து, நின்ற இடத்திலேயே முறுக்கினார். சற்று நேரத்தில் அடங்கியது. இறங்கி உதைத்தார். கிளம்பியது.

"உங்க எடை தாங்காம அழுவுது காதுக்காரரே," என்றார் தச்சர். வேடிக்கைக்குத்தான் சொன்னார். காதுக்காரர் அவரைக் கட்டிப்பிடிக்காத குறைதான்.

"அதேதான்! எடைதான்! நீ ஏறி உட்காரு. நல்லா அழுத்தி உட்காரு."

தச்சர் ஏறினார். காதுக்காரர் சேற்றிலேயே மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் தலையை விட்டார். தச்சர் அமுங்க அமுங்க, பின் சக்கரத்தைத் தாங்கும் கம்பி மேலே எழும்பி வந்தது. அது வந்து நசுக்கிய இடத்தில் மெல்லிய ரப்பர் குழாய்கள் சில, ஒரு பிளாஸ்டிக் பட்டையால் அழகாக ஒன்றுசேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. கார்ப்பரேட்டர் மூச்சுவிடும் குழாய்கள் அவை. அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே போனால்தான் கார்ப்பரேட்டரின் அடியிலிருக்கும் கிண்ணத்துக்குள் பெட்ரோல் இறங்கும். குழாய் நசுங்கினால் காற்று இல்லை, காற்று இல்லையென்றால் பெட்ரோல் இல்லை. ஆள் இறங்கியதும் குழாய் விரிந்து எல்லாம் சரியாகிவிடும். சக்கரம் தொங்கத் தொங்கப் பெட்டிமேல் நிற்கும் வண்டியில் அது நசுங்கவே நசுங்காது. இலேசான உடம்புக்காரியான அவள் ஓட்டும்போதுகூட, மேடு ஏறப் பின்னால் சாய்ந்து அழுத்தினால்தான் நசுங்கும். அந்தக் குழாய்கள் பிரிந்து தொங்குவது அசிங்கமாக இருக்கிறதென்று கட்டிவைத்தவர் வேறு யாருமில்லை.

"நான்தான்யா!" என்று வண்டிக்கு அடியிலிருந்து ஒரு கூச்சல் வந்தது. "இந்தப் பாழாப்போன கட்டு நான் போட்டது! தப்பு என் மேலதான்!"

இவ்வளவு சந்தோஷமாக ஒருவர் தன் தப்பைச் சொல்லித் தச்சர் கேட்டதே இல்லை. பட்டையை வெட்டி எறிந்தார்கள். தச்சர் அதே இடத்தில் எவ்வளவு அழுத்தி உட்கார்ந்து முறுக்கியும் வண்டி அடங்கவில்லை.

காதுக்காரர் அப்படியே தச்சரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். சட்டை மாற்றவேண்டும், முகம் கழுவவேண்டும் என்றெல்லாம் தோன்றவே இல்லை. பளிச்சென்று இல்லாமல் அவர் வீதியில் போனது வாழ்நாளிலேயே அன்றுதான். இரத்தம் கொடுக்க வரிசையாக உட்கார்ந்திருந்த சனம், தலையிலிருந்து கால்வரை சேறாக ஒருவர் நுழைவதைப் பார்த்து ஒதுங்கியது. உள்ளே மச்சினி ஒரு தடியான மனிதரின் கையில் ஊசியை வைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குப் பயமே இல்ல!" என்று கத்தினார் காதுக்காரர்.

"இருக்குங்க," என்றார் ஊசிக்காரி முன்னால் உட்கார்ந்திருந்த தடியான மனிதர்.

அறையே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. ஊசியைக் கீழே வைத்தாள். காதுக்காரர் மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னார். குழாய், கட்டு, தொப்பை, சேறு, ஒன்றையும் விடவில்லை. "நான் கேட்டது தப்பு, சொன்னது அதைவிடத் தப்பு. என்னை மன்னிச்சிடு பொண்ணே."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபமும் வந்துவிட்டது.

"எத்தனை நாளா என்னை நானே திட்டிக்கிட்டிருந்தேன் தெரியுமா மாமா? ராத்திரி படுத்தா இந்தக் கையை நினைச்சுத்தான் அழுதேன். என் கையையே நான் நம்பல!"

காதுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தடியான மனிதர்தான் மெல்ல, "நாளைக்குப் பந்தயமாமே, போங்கம்மா. முதல்ல எனக்குக் குத்திட்டுப் போங்க, ரொம்ப நேரமா கையை நீட்டிக்கிட்டிருக்கேன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் காதுக்காரர், மனைவி, தச்சர் மூவரும் பெரிய மேட்டுக்கு எதிரிலேயே இடம்பிடித்து நின்றார்கள். மனைவி முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டு, "வந்துட்டாளா? வந்துட்டாளா?" என்று கேட்டபடி இருந்தாள். வண்டிகள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு வந்தன. நடுவே அவள். மேட்டின் அடியில் பின்னால் சாய்ந்தாள். காதுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். வண்டி இருமவில்லை. பாதியைத் தாண்டியது, உச்சியைத் தாண்டியது, தாண்டிய வேகத்தில் அந்தரத்தில் எகிறியது. முறுக்கு ரொம்ப அதிகம். கோணலாக இறங்கி, அவள் ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமுமாக உருண்டன.

"ஐயோ!" என்று மனைவி அலறினாள். காதுக்காரர் கயிற்றைத் தாண்டி ஓடினார்.

அவர் போய்ச் சேருவதற்குள் அவள் எழுந்துவிட்டாள். ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தள்ளினாள். முகமெல்லாம் சேறு, வாயெல்லாம் பல்.

"மாமா! வண்டி அடங்கல! நான்தான் ஓவரா முறுக்கிட்டேன்! நானேதான் விழுந்தேன் மாமா!"

"நீயேதான்! முழுக்க முழுக்க நீயேதான்!" என்று அவரும் பதிலுக்குக் கத்தினார். இரண்டு பேரும் பைத்தியக்காரர்கள்போலச் சிரிப்பதைப் பார்த்து, கொடி பிடித்து நின்றவர் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார்.

அவள் வண்டியை நிமிர்த்திக் கிக்கரை உதைத்தாள். எல்லாரும் அவளைத் தாண்டிப் போய்விட்டிருந்தார்கள். அடுத்த சுற்றில் அதே மேட்டுக்கு அவள் தனியாகத்தான் வந்தாள், கொஞ்சமும் முறுக்கைக் குறைக்காமல்.