டயலைத் தொடாதீங்க

பழைய வாட்ச் விற்கிற தொழிலில் விலை பேசுவது சுலபம். சர்வீஸ் பண்ணிவிட்டு விற்பதா, வந்தபடியே விற்பதா என்று முடிவு பண்ணுவதற்குள்தான் தாவு தீர்ந்துவிடும். மெயின்கார்டு கேட் பக்கம் எங்கள் சித்தப்பா கடையில் பிளஸ் டூ லீவு முழுக்க உட்கார்ந்து நான் கற்றது இது. அலமாரியில் ஒரு பழைய வாட்சை வைத்துக்கொண்டு விழிக்கிற உங்களுக்கும் இந்த அவஸ்தை தெரிந்திருக்கும். கடைசியில் சிரிக்க வைக்கிறேன். இப்போது இல்லை. சாவி கொடுக்கிற வாட்ச் மாதிரி, முதலில் கொஞ்சம் முறுக்க வேண்டும்.

பளபளப்பு

எந்த வாட்ச் வந்தாலும் சித்தப்பாவிடம் ஒரே வைத்தியம்தான். மெஷினைக் கழற்றிச் சுத்தம் பண்ணி ஆயில் போடுவார். அதோடு விட்டால் பரவாயில்லை. மேல் மூடியைத் தேய்த்துப் பாலிஷ் போட்டு, டயலைப் பெயின்டரிடம் கொடுத்து எண்களைப் புதிதாக எழுதி வாங்குவார்.

அப்படி மினுக்கி வைத்த ஒன்றை ஒரு காலேஜ் புரொபசர் கையில் எடுத்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சித்தப்பா மீசையைத் தடவிக்கொண்டு காத்திருந்தார். ஃபெயிலான பையனிடம் பேப்பரைத் திருப்பிக் கொடுக்கிற குரலில் (குரல் எடுப்பது எனக்குப் பழக்கம், அன்றைக்கே அது மனப்பாடம்) புரொபசர் சொன்னார்: "ரொம்ப அழகா இருக்குங்க. இதுல பழைய வாட்ச் எங்க இருக்கு?"

மூன்றே நாள்

அப்படியானால் தொடாமலே விற்கலாமே என்று நான் குதித்தேன். எடமலைப்பட்டி புதூரிலிருந்து வந்த ஓர் ஆபீஸ் அக்காவிடம், சர்வீஸ் ஆகவில்லை என்று சொல்லியே ஒன்றை விற்றேன். "ஓடுது, கேளுங்க" என்று காதில் வைத்தும் காட்டினேன். மூன்றாம் நாள் அது நின்றுவிட்டது. திறந்தால், உள்ளே ஆயில் காய்ந்து பிசினாக ஒட்டியிருந்தது.

சித்தப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சும்மாவே சர்வீஸ் பண்ணிக் கொடுத்தார். அக்கா கோபப்படவில்லை. வாட்சைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "சும்மா உட்கார்ந்திருக்க எங்க வீட்டுல ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரும்மா."

டீ நிறம்

சித்தப்பா சாப்பிடப் போயிருந்த ஒரு மதியம், ஸ்ரீரங்கம் சித்திரை வீதியிலிருந்து ஒரு மாமா வந்தார். அவர் அப்பா கட்டியிருந்த வாட்ச். டயல் வெளுப்பு போய் டீ நிறத்துக்கு வந்திருந்தது. எண் ஒன்றுகூட அழியவில்லை. அவ்வளவு அழகை நான் பார்த்ததில்லை. கை நடுங்குவதால் சாவி கொடுக்க முடியவில்லை, யாராவது கட்டிக்கொள்ளட்டும், விற்றுக் கொடு என்றார். பணத்துக்கு அவசரமில்லையாம். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "விக்கறதோ விக்கறேள், எங்கப்பா இருந்தா அடையாளம் தெரியறாப்ல விடுங்கோ."

டாக்டரம்மா

மாமா கேட்டதைச் சொன்னேன். சித்தப்பா கேட்கவில்லை. "அவருக்குப் பாசம் ஜெனி. வாங்குறவனுக்குப் பளபளப்புதான் வேணும்" என்றார். சனிக்கிழமை பெயின்டர் வருவான். ஒரு தடவை சுரண்டினால் அந்த டயல் திரும்ப வராது. பதினேழு வயசுக்காரி சொல்லி எந்தச் சித்தப்பா கேட்பார்? போனில் பெரிய மனுஷி சொன்னால் கேட்பார்.

அவருக்குத் தெரியாத நம்பர் ஒன்று என்னிடம் இருந்தது. பக்கத்து டீக்கடைத் தூணுக்குப் பின்னால் நின்று, வார்டில் ரவுண்ட்ஸ் வருகிற குரலை எடுத்தேன். "ரிட்டயர்டு டாக்டர் பேசுறேன், கன்டோன்மென்ட்லேர்ந்து. பழைய வாட்ச் ஒண்ணு வந்திருக்காமே. உள்ள சுத்தம் பண்ணி ஆயில் போடுங்க. டயலைத் தொடாதீங்க. சுருக்கத்துக்கு நான் மருந்து கேக்கலை." சித்தப்பா ஸ்டூலை விட்டு எழுந்து நின்று "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்றார். பெயின்டருக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கடைக்குள் வந்த என்னிடம் திரும்பினார்: "பார்த்தியா, படிச்சவங்களுக்குத்தான் தெரியுது. நீயும் இருக்கியே."

வாக்கு

மெஷின் மட்டும் சுத்தமாகி, டயல் தொடப்படாமல் வாட்ச் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறியது. அடுத்த வாரமே தில்லைநகர்க்காரர் ஒருவர் வந்தார். லென்ஸை எடுத்தவர் டயலைப் பார்த்ததும் மூச்சை இழுத்துப் பிடித்தார். பேரமே பேசவில்லை, அன்றைக்கே கட்டிக்கொண்டு போகிறேன் என்றார். நான் மனசுக்குள் கைதட்டும்போது சித்தப்பா முடியாது என்று தலையாட்டினார். "மன்னிக்கணும் சார். ஒரு டாக்டரம்மாவுக்காக வெச்சிருக்கேன். கேட்டு வெச்சிட்டாங்க. வாக்கு மாற மாட்டேன்."

பிறக்காத டாக்டரம்மாவுக்கு நான் எங்கே போவேன்? அந்த ஆள் செருப்பு மாட்டப் போய்விட்டார். டீக்கடைக்கு ஓடினேன், தூண், குரல், எல்லாம் ரெடி. "நான்தான் டாக்டர். எனக்கு இப்ப வாட்ச் வேண்டாம். யாராவது வந்தா தாராளமா குடுங்க." சித்தப்பா விடவில்லை. "ஐயோ, என்னம்மா, உங்களுக்காகத்தானே பொத்திப் பொத்தி வெச்சேன்." அந்த நேரம் பார்த்து ஒரு பிரைவேட் பஸ் வந்து நின்றது. "சத்திரம், சத்திரம், ஸ்ரீரங்கம் ஏறு" என்று கண்டக்டர் போட்ட சத்தம் கடை வாசலிலும் கேட்டது, சித்தப்பாவின் போனுக்குள்ளும் கேட்டது.

தூண் இடுக்கில் பார்த்தேன். அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார், தெருவைப் பார்த்தார், மறுபடி காதில் வைத்தார். இன்னொரு கையால் வாட்சை எடுத்துத் தில்லைநகர்க்காரர் பக்கம் நகர்த்தினார். பிறகு, ரொம்ப மரியாதையாக: "சரிங்க டாக்டரம்மா. நீங்க சொன்னது சரியாத்தான் இருந்துச்சு. வரும்போது மூணு டீ வாங்கிட்டு வா, ஜெனி."

அந்த மூன்று டீயோடு நான் நடந்து வந்த இருபதடியை விடப் பெருமையான ஊர்வலம் எங்கள் தெருவில் இதுவரை போனதில்லை.