உட்கார்ந்து செய்கிற வேலை

எனக்கு நடக்கத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் போதாமல் வலது கையும் வலது காலும் இறுகிப்போயின. காலை இழுத்து, உடம்பைச் சாய்த்துச் சாய்த்து நடப்பேன். பேச்சும் மெதுவாகத்தான் வரும். என்னைப் பார்த்ததும் எல்லோரும் ஒரு நாற்காலியைத் தேடுவார்கள். தில்லி கிட்வாய் நகரில் எங்கள் குடியிருப்பில் எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் வந்த காரியம் கேட்பார்கள்.

பதினோராம் வகுப்பில் எங்கள் பள்ளியில் என்னைப் போன்ற சிலருக்கு வேலைப் பயிற்சி தொடங்கினார்கள். வாரத்தில் இரண்டு நாள் வகுப்புக்குப் பதிலாக நிஜமான ஒரு வேலையிடத்துக்குப் போக வேண்டும். கூடவே பயிற்சியாளர் ஒருவர் வருவார். வேலை பிடிபடும்வரை பக்கத்தில் நிற்பார், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொள்வார். எங்களுக்கு வந்தவர் படிப்பை முடித்து அதிக நாளாகாத தில்லிப் பெண். தீதி என்று, இந்தியில் அக்கா என்று, கூப்பிடுவோம். சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் மாளிகையின் துணி அறையில் என்னைச் சேர்த்தார். மேஜை முன்னால் நாற்காலி போட்டு, வெளுத்து வந்த கைத்துண்டுகளை மடிக்கச் சொன்னார்கள்.

இடது கையால் மடித்து வலது முழங்கையால் அமுக்குவேன். அளவு தெரிய வேண்டுமென்று தீதி மேஜையில் சிவப்பு டேப் ஒட்டிக் கொடுத்தார். அப்படியும் என் அடுக்கு ஒரு பக்கம் சரிந்தே நிற்கும். ஆனால் எல்லோரும் பாராட்டினார்கள். அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள்.

ஒருநாள் பள்ளி வேன் கிளம்பும்போது டிபன் டப்பாவை மறந்துவிட்டது தெரிந்து உள்ளே திரும்பினேன். துணி அறையில் வேலை பார்க்கிற தமிழ் அக்கா நான் மடித்ததையெல்லாம் உதறி, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். ஜங்புராவில் தமிழர்களின் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பில் அப்போது குடியிருந்தவர், சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். என்னைப் பார்த்ததும் அவர் கை நின்றுவிட்டது.

"எல்லாத்தையும் இல்ல கண்ணு. ரூமுக்குப் போறத மட்டும்தான்," என்றார்.

டப்பாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதன் பிறகு பயிற்சி நாள் விடிந்தாலே போகப் பிடிக்காது. பாராட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மடிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. வீட்டில் சொல்ல முடியவில்லை. அம்மாவின் முகம் வாடிவிடும்.

கடைசியில் அக்காவே பேச்சை எடுத்தார். என்னை வைத்துக்கொண்டே, கை சரியில்லாத பெண்ணுக்குக் கை வேலையை ஏன் கொடுத்தீர்கள் என்று தீதியிடம் இந்தியில் கேட்டார். தீதி என் பக்கம் திரும்பி, இந்த வேலை பிடிக்கவில்லையென்று ஏன் சொல்லவில்லை என்றார். நான் வார்த்தைகளைச் சேர்க்கும்வரை காத்திருந்தார்.

"யாரும் கேட்கவில்லை," என்றேன்.

"அப்படியென்றால் விட்டுவிடு. உன்னை உட்கார வைப்பதைப் பற்றித்தான் நான் யோசித்தேன். தப்பு என்னுடையது."

ஒரு வேலையை விடலாம், விட்டாலும் நம்மை வெளியே அனுப்பிவிட மாட்டார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அன்றைக்கு மூச்சு நெஞ்சுக்குள் முழுசாக இறங்கியது.

அதே நாள், துணி வண்டி தள்ளுகிறவர் வரவில்லை. சக்கரம் வைத்த இரும்பு வண்டி, என் நெஞ்சு உயரம் இருக்கும். அக்கா லிஃப்ட் பொத்தானை அமுக்கப் போகும்போது, வண்டி உருளாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்தேன். நிறைய விரிப்புகள் ஏற்றியிருந்ததால் அது அசையாமல் என் எடையைத் தாங்கியது. லேசாகத் தள்ளிப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் தள்ளினேன். உடம்பு சாயவில்லை. தாழ்வாரத்தின் கோடிவரை போய்த் திரும்பியபோது அக்காவும் தீதியும் லிஃப்டை மறந்துவிட்டு நின்றிருந்தார்கள்.

"நீ நல்லாதான நடக்குற," என்றார் அக்கா.

இனி நான் வண்டி தள்ளுவதற்கு மாளிகையின் மேற்பார்வையாளர் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. விருந்தினர் கண்ணெதிரே விழுந்தால் யார் பொறுப்பு என்றார். கூடவே நடப்பதாகத் தீதி சொன்ன பிறகுதான் சம்மதித்தார். வீட்டில் அம்மாவும் அதையேதான் கேட்டாள்.

"கீழ விழுந்தா என்னளா செய்வ?"

"எந்திரிப்பேன்."

அப்பா சிரித்துவிட்டார். அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

வண்டியை நிறுத்தி இடது காலால் பிரேக் போடுவதற்குத்தான் நிறைய நாள் பிடித்தது. தீதி முதலில் என் பின்னாலேயே வந்தார். பிறகு லிஃப்ட் வாசலில் நின்றார். அப்புறம் வரவேற்பறையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருமுறை விழவும் செய்தேன். இரண்டாம் மாடியில் கம்பளத்தின் ஓரத்தில் சக்கரம் மாட்டி வண்டி சாய, துண்டுகளோடு நானும் சரிந்தேன். விருந்தினர் ஒருவர் ஓடிவந்து தூக்கினார், இன்னொருவர் அறையிலிருந்து நாற்காலி கொண்டுவந்தார். முட்டிவலியைவிட, எல்லாம் முடிந்தது என்ற நினைப்புதான் வலித்தது. மேற்பார்வையாளர் வந்தார். அடி பட்டதா என்று என்னைக் கேட்டார். குனிந்து கம்பள ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். இதை ஒட்டச் சொல்லி எத்தனை தடவை சொல்வது என்று பராமரிப்பு ஆளைக் கூப்பிட்டுத் திட்ட ஆரம்பித்தார். அவ்வளவுதான். வேறொருவர் திட்டு வாங்கியதில் நான் அவ்வளவு நிம்மதி அடைந்தது அந்த ஒரு முறைதான். துண்டுகளைப் பொறுக்கி வண்டியில் போட்டுக்கொண்டு அடுத்த மாடிக்குப் போனேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அங்கேயே அரைநாள் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். தீதி வருவது நின்றது. அவர் இல்லாத முதல் நாள், சாப்பாட்டு வேளையில் அக்காவும் அறை சுத்தம் செய்கிறவர்களும் ஷிஃப்ட் மாற்றியதைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் என்னிடம் திரும்பி, நீயே சொல், இது நியாயமா என்றார்.

நியாயமில்லை, பண்டிகை நாளிலாவது பழையபடி விடலாம் என்று சொல்லி முடிக்க எனக்குச் சற்று நேரமானது. அவர்கள் ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.