நாலு வெட்டு வாங்கின பாட்டு

கோத்தகிரி பக்கம் கட்டபெட்டுக்குக் கீழே ரோட்டோரமா ஒரு தேயிலை பாக்டரி. அதுல பத்தொன்பது வருசம் சி.டி.சி. மிஷின் ஓட்டினவரு பொன்ராஜ். சி.டி.சி.ன்னா வேறொண்ணுமில்லீங்க, வாடின தேயிலையைப் பல்லுப் பல்லா இருக்கற ரெண்டு உருளைக்கு நடுவுல விட்டு அறுத்துத் துப்பற மிஷின். ஒரு தடவை அறுத்தாப் பத்தாது. வரிசையா நாலு ஜோடி உருளை. நாலு வெட்டு வாங்கினாத்தான் இலை தூளாகும். அந்த ரூமுக்குள்ள பக்கத்துல நிக்கறவன் கத்தினாலும் வாய் அசையறதுதான் தெரியும். அதனால அங்கே கையால பேசுவாங்க, வாயைப் பார்த்துப் புரிஞ்சுக்குவாங்க. வெளியே வந்தாலும் அதே பழக்கம்தான். எதிர்ல இருக்கறவங்க மூஞ்சியையே முறைச்சுப் பார்ப்பாங்க, தொண்டை கிழியப் பேசுவாங்க. பாக்டரி ஆளுங்க குடியிருக்கற லைன்ல இதை யாரும் ஒரு குறையா நினைச்சதில்லை.

பச்சைத்தேயிலைக்கு விலை படுத்துச்சு பாருங்க, ரெண்டாயிரத்துக்கு முன்னே பின்னே, அதோட எல்லாம் போச்சு. பறிக்கற கூலி கூடக் கட்டலைன்னு சனங்க செடியைக் காடா விட்டுட்டாங்க. ஆறு நாள் ஓடின பாக்டரி மூணு நாளாச்சு, மூணு ஒண்ணாச்சு, ஒரு ஆவணி மாசம் அடியோட நின்னு போச்சு. லைன்ல இருந்த பதினாலு ஊட்டுல ஒம்போது ஊடு திருப்பூருக்கு மூட்டை கட்டிருச்சு. பொன்ராஜை மட்டும் வாட்ச்மேனா இருக்கச் சொல்லிட்டாரு முதலாளி. துருப்பிடிக்கற மிஷினுக்குக் காவல்! வயித்தெரிச்சலா இருக்காதுங்களா? ஆனா காவல் இருந்தாத்தான் ஊடு, இல்லைன்னா அதையும் காலி பண்ணோணும். இருந்தாரு.

அவரு சம்சாரம் மகாலட்சுமி. அந்த லைனுக்கே பாட்டுன்னா அந்தம்மாதான். மாரியம்மன் நோம்பியா, சீரா, கல்யாணமா, மகாலட்சுமி வந்து உக்கார்ந்து வாயைத் திறந்தாத்தான் சபை களை கட்டும். யாரும் சொல்லித் தந்ததில்லை. இலை பறிக்கறப்பவே வார்த்தை கட்டுவாங்க, சாயங்காலம் அது பாட்டா வந்து நிக்கும். பொன்ராஜ் கட்டிக்கிட்டதே அந்தக் குரலைக் கேட்டுத்தான். பொண்ணு பார்க்கப் போன இடத்துல மூஞ்சியை நிமிர்ந்து கூடப் பார்க்கலைன்னு இன்னிக்கும் ஒறம்பரை சொந்தக்காரங்க கேலி பேசுவாங்க.

அந்த மகாலட்சுமியும் போறதுன்னு முடிவாயிருச்சு. மக ஸ்வேதா திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருந்தா. அம்மாவுக்கும் ஒரு இடம் சொல்லி வச்சுட்டு, தை பொறந்ததும் வந்திருங்கன்னு ஆள் மேல ஆள் அனுப்பினா. வாட்ச்மேன் சம்பளத்துல ரெண்டு வயிறு நிறையாதுன்னு பொன்ராஜுக்கும் தெரியும். போகாதேன்னு எந்த வாயால சொல்லுவாரு?

"நீ போறதுக்குள்ள உம்பட பாட்டு ஒரு பத்தையாவது புடிச்சு வச்சுக்கறேன்"னாரு. மகாலட்சுமி சிரிச்சாங்க. "பாட்டென்ன கோழிக்குஞ்சுங்களா, கூடையைப் போட்டுக் கவுத்தறதுக்கு?"

அவரு விளையாட்டுக்குச் சொல்லலை. அந்தம்மா இல்லாத ஊட்டுல, அந்தக் குரலும் இல்லாம, நாலு சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்கார முடியாது. அவ்வளவுதான் விசயம். பாக்டரி கணக்கு முடிச்சுக் குடுத்த பணத்தை எடுத்துக்கிட்டுக் காரியத்துல இறங்கிட்டாரு.

யோசனை கேக்க ஒரு ஆள் இருந்தாரு. பேரு சில்வஸ்டர். அதே பாக்டரியில எலக்ட்ரீசியனா இருந்தவரு, கோத்தகிரி சர்ச்சுல கீபோர்டு வாசிச்சவரு. பாக்டரி நின்னதும் கோயமுத்தூர்ல ஒரு சவுண்டு சர்வீஸ்ல போய்ச் சேர்ந்துட்டாரு. போன்ல கேட்டதுக்கு எழுதியே அனுப்பிட்டாரு: பழைய கம்ப்யூட்டர் போதும். சவுண்டு கார்டு மட்டும் தனியா நல்லதா வாங்குங்க. மைக்கு, மேடையில புடிக்கற ரகமே போதும். நுணுக்கமான மைக்கெல்லாம் நம்மூரு ஈரத்துக்கு ஒரே சீசன்ல செத்துப் போயிரும். ஹெட்போன் காதை முழுசா மூடறதா இருக்கட்டும். சாப்ட்வேர் சாதாரணமானது போதும், பதிய, வெட்ட, ஒட்ட. கடைசியா அடியில ரெண்டு கோடு போட்டு எழுதியிருந்தாரு: பதிஞ்சதை அப்படியே தனி சி.டி.யில ஏத்தி வச்சுட்டுத்தான் மத்த வேலையைத் தொடோணும்.

சீட்டை மடிச்சு பாக்கெட்டுல வச்சுக்கிட்டு ஊட்டிக்குப் போனாரு. பிரசாத்துன்னு ஒருத்தரு கடை, கோயமுத்தூர்க்காரரு. கம்ப்யூட்டரு, மைக்கு, ஸ்பீக்கரு எல்லாம் அங்கே ஒரே கூரைக்குக் கீழே. பிரசாத்து பொறுமையா ஒவ்வொரு மைக்கா மாட்டி, பேசச் சொல்லி, ஹெட்போன்ல போட்டுக் காட்டினாரு. பொன்ராஜுக்கு ஒண்ணும் பிடிக்கலை.

"ஏனுங்க, எல்லாமே போர்வைக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்குதே. கணீர்னு பேசற மைக்கு இல்லீங்களா?"

பிரசாத்து தலையைச் சொறிஞ்சுக்கிட்டு அடித்தட்டுல இருந்து வெள்ளிக் கலர்ல ஒண்ணை எடுத்தாரு. "இது கொஞ்சம் கீச்சுன்னு இருக்குமுங்க. ரெண்டு பேரு வாங்கிட்டுப் போய்த் திருப்பிக் குடுத்துட்டாங்க."

பொன்ராஜ் ஹெட்போனை மாட்டிக்கிட்டு ரெண்டு வார்த்தை பேசினாரு. மூஞ்சி அப்படியே மலர்ந்து போச்சு. "அட, இதாங்க குரல்! இதைப் போயி யாருங்க திருப்பிக் குடுத்தது? காது கேக்காதவங்களா?"ன்னு கடையே அதிரச் சிரிச்சாரு. ஆளு மனசு மாறறதுக்குள்ள பிரசாத்து அதைக் கட்டிட்டாரு.

சாப்ட்வேரும் அதே கதைதான். சில்வஸ்டர் சொன்ன சாதாரணத்தைக் கையால தள்ளிட்டு, இரைச்சல் கீச்சல் எல்லாத்தையும் கூட்டிக் குறைக்கத் திரையிலேயே முப்பத்தொண்ணு குமிழ் இருக்கறதைப் புடிச்சுக்கிட்டாரு. மிஷின்காரன் கைக்குக் குமிழ் வேணுமில்லீங்களா?

ஊட்டுக்கு வந்து உள்ரூமைத் தயார் பண்ணினாரு பாருங்க, அதுல ஒரு குறை சொல்ல முடியாது. பாக்டரியில மிஞ்சிக் கிடந்த சாக்கைச் சுவரெல்லாம் தொங்க விட்டாரு. கதவுக்கு ரெண்டு கம்பளி. தகர மேற்கூரைங்கறதால மழை தூறுனாலோ காத்து அடிச்சாலோ வேலை நிறுத்தம். பதிஞ்சு முடிச்சதும் மைக்கைத் துணியில சுத்தி அரிசி டின்னுக்குள்ள வச்சிருவாரு, ஈரம் ஏறக் கூடாதுன்னு. "எனக்குக் கூட இப்படி ஒரு சொகுசு பண்ணலீங்களே"ன்னு மகாலட்சுமி கேலி பண்ணுவாங்க. ஆனா மைக்கு முன்னாடி உக்கார்ந்துட்டா வேற ஆளு. கண்ணை மூடிக்கிட்டு, மடியில தாளம் போட்டுக்கிட்டு, அடித்தொண்டையில இருந்து எடுத்துப் பாடுவாங்க. கார்த்திகை முடியறதுக்குள்ள பத்துப் பாட்டும் ஏறிருச்சு.

அதுக்குப் பொறவுதான் ஆரம்பிச்சுது வினை. போட்டுக் கேட்டா, பொன்ராஜுக்கு அந்தக் கணீர் இன்னும் பத்தலை. வார்த்தை எல்லாம் மொழுக்குன்னு இருக்கு, சகரம் றகரம் ஒண்ணும் காணோம். கீச்சுச் சத்தத்தைக் கூட்டற மேல் பக்கத்துக் குமிழை எல்லாம் உச்சத்துக்குத் தள்ளினாரு. கொஞ்சம் தெளிஞ்சுது. அப்பவே அவருக்குத் தொழில் ஞாபகம் வந்திருச்சு. ஒரு வெட்டுல எந்த இலை தூளாயிருக்கு? அந்தப் பாட்டையே மறுபடியும் உள்ளே விட்டு, மறுபடியும் தள்ளினாரு. நாலு தடவை. பத்துப் பாட்டுக்கும் தலைக்கு நாலு வெட்டு. ஒவ்வொரு வெட்டையும் பழசு மேலேயே சேவ் பண்ணினாரு. கம்ப்யூட்டர்ல இடமும் கம்மி. அது போக, சி.டி.சி. ஓட்டினவன் எவனாவது பாதி இலையை அறுக்காம எடுத்து வைப்பானுங்களா? சில்வஸ்டர் ரெண்டு கோடு போட்டு எழுதின சீட்டு சட்டைப் பாக்கெட்டோட எப்பவோ துவைக்கப் போயிருச்சு.

முடிச்சு, சி.டி. போட்டு, மகாலட்சுமியைக் கூப்பிட்டு உக்கார வச்சுக் கேக்க விட்டாரு. அந்தம்மா ஒரு பாட்டு முழுசும் அசையாம கேட்டாங்க. "நல்லா இருக்குங்க"ன்னு அவரு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு, அடுப்புல என்னமோ இருக்குதுன்னு எந்துரிச்சுப் போயிட்டாங்க. அடுப்பு பத்த வைக்கவே இல்லை. அவரு அதை எங்கே கவனிச்சாரு!

பொங்கல் லீவுல சில்வஸ்டர் வந்தாரு. மறுநாள் காலையில மகாலட்சுமிக்குத் திருப்பூர் பயணம். டிரங்குப் பெட்டி வாசப்படி கிட்டத் தயாரா இருந்துச்சு. "உக்காரு தம்பி, கேளு, கேட்டுட்டுச் சொல்லு"ன்னு பொன்ராஜ் ஹெட்போனைக் குடுத்தாரு. சில்வஸ்டர் மாட்டின வேகத்துலயே பிடுங்கிக் கீழே வச்சாரு. காதைத் தேய்ச்சுக்கிட்டே, "அண்ணா, ஊசியில குத்தற மாதிரி இருக்குதுங்கண்ணா. இது அக்கா குரலே இல்லை, தகரத்தைக் கல்லுல இழுக்கற மாதிரி இருக்கு"ன்னாரு.

"என்ன தம்பி உளர்ற? தேன் மாதிரி இருக்குது!"

சில்வஸ்டருக்குச் சந்தேகம் தட்டுச்சு.  ஹெட்போனைப் பொன்ராஜுக்கு மாட்டிவிட்டு, சாப்ட்வேர்ல ஒரு வெறும் ஓசையைக் கிளப்பினாரு. அடிக்குரல்ல ஆரம்பிச்சு மெதுவாக் கீச்சுக்குரல் வரைக்கும் ஏத்திக்கிட்டே போனாரு. கேக்கறப்ப எல்லாம் பொன்ராஜ் தலையாட்டினாரு. பாதியில தலை நின்னுச்சு.

"ஏன் தம்பி நிறுத்திட்டே?"

"நிறுத்தலீங்கண்ணா."

பொன்ராஜ் திரையைப் பார்த்தாரு. சத்தத்துக்குத் தகுந்தாப்புல ஏறற பச்சைக் கம்பி முக்கால் உசரத்துக்கு நட்டுக்கிட்டு நின்னுச்சு. காதுக்குள்ள கிணத்துக்குள்ள இறங்கின மாதிரி அமைதி. 

"ஒரிஜினல் எங்கீங்கண்ணா? அதைக் குடுங்க, நான் கோயமுத்தூர் கொண்டு போய்ச் சரி பண்ணித் தர்றேன்"னு சில்வஸ்டர் கேட்டாரு.

"எந்த ஒரிஜினல்?"

சில்வஸ்டர் தலையில கை வச்சுக்கிட்டு உக்கார்ந்துட்டாரு. காப்பி குடிக்காமயே கிளம்பிப் போனாரு, மனுசன்.

மகாலட்சுமி சமையல்கட்டு நிலையைப் புடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுத்தான் நின்னாங்க. பொன்ராஜ் திரும்பிப் பார்த்ததும் அந்தம்மா மூஞ்சியிலேயே தெரிஞ்சு போச்சு, அவரு காது சங்கதி அவங்களுக்குப் புதுசு இல்லைன்னு.

"எப்ப இருந்து தெரியும்?"

மகாலட்சுமி கிட்ட வந்து, எப்பவும் போல அவரு மூஞ்சிக்கு நேரா நின்னு சொன்னாங்க. "ஸ்வேதா கைக்குழந்தையா இருந்தப்பவேங்க. பொழுது சாஞ்சா இங்கே பூச்சி கத்தும் பாருங்க, காதையே அடைக்கும். ஒரு நாளு, என்னங்க இப்படிக் கத்துதுன்னேன். எதுன்னு கேட்டீங்க."

"அன்னிக்கே சொல்லியிருந்தா பாக்டரியில வேற ரூமுக்கு மாத்திக் கேட்டிருப்பேனில்ல!"

"காது கேக்காதவனை மிஷின்ல நிறுத்தக் கூடாதுன்னு உங்க கூட மிஷின் ஓட்டின ராசுவை வெளியே அனுப்பலீங்களா? உங்களையும் அனுப்பிருவாங்கன்னு பயந்துட்டேனுங்க. கைக்குழந்தையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? சோத்துக்காகத்தான் வாயை மூடிக்கிட்டேன்."

அந்த வேலையும் போச்சு. காதும் போச்சு. பொன்ராஜுக்குக் கோவம் வந்துச்சு, வந்த வேகத்துலயே வடிஞ்சும் போச்சு. யாரு மேல கோவிச்சுக்கறது? இத்தனை வருசமா அவரு காதைக் காப்பாத்தி இருக்க வேண்டிய நேரத்துல, அவ அவரு வேலையைக் காப்பாத்தி இருக்கா. 

"சரி, ஒக்காரு. இப்பவே திரும்பப் பாடு. பதிஞ்சு அப்படியே விட்டுர்றேன், சத்தியமா ஒரு குமிழையும் தொட மாட்டேன்"னு மைக்கை எடுக்கப் போனாரு.

மகாலட்சுமி கையைப் புடிச்சுக்கிட்டாங்க. "வேண்டாமுங்க. கேக்கறதுக்கு இருக்கறவரு நீங்க ஒருத்தரு. உங்களுக்கே கேக்காததை அந்தப் பொட்டிக்குள்ள யாருக்குங்க வைக்கிறது? வாங்க, பக்கத்துல உக்காருங்க. நேர்லயே பாடறேன்."

பாய் விரிச்சு ரெண்டு பேரும் உக்கார்ந்தாங்க. அவரு பொண்ணு பார்க்கப் போன அன்னிக்குப் பாடின பாட்டை முதல்ல பாடினாங்க. பொன்ராஜுக்கு ஒவ்வொரு சொல்லும், ஒவ்வொரு வளைவும் சுத்தமாக் கேட்டுச்சு. பிழைச்சேன்னு நினைச்சாரு. இதைக் கேக்க முடியுதே, முழுசாக் கெட்டுப் போகலையேன்னு அவரு மூஞ்சி தெளிஞ்சுது.

அதைப் பார்த்துட்டு மகாலட்சுமி இன்னொண்ணு எடுத்தாங்க. அது புதுசு. நாலஞ்சு நாளா பெட்டி அடுக்கறப்ப அவங்க கட்டினது. இந்த ஊட்டை விட்டுப் போறதைப் பத்தின பாட்டு. யாருக்கும் பாடிக் காட்டாதது. கண்ணை மூடிக்கிட்டு, குனிஞ்ச தலை நிமிராம பாடினாங்க. வாயைப் பார்க்கவும் வழியில்லை.

பொன்ராஜுக்கு ஒரு முனகல் கேட்டுச்சு. மோட்டார் ஓடற மாதிரி, ஏறாம இறங்காம. ஒரு சொல் கூடப் பிடிபடலை. அப்பத்தான் அவருக்கு உறைச்சுது. பழைய பாட்டு கேட்டது காதுல இல்லை. அது அவருக்கு மனப்பாடம். இத்தனை வருசமா மகாலட்சுமி பாடறப்ப எல்லாம் அவரு கேட்டுக்கிட்டிருந்தது, பொண்ணு பார்க்கப் போன அன்னிக்குக் கேட்ட அந்தப் பொண்ணு குரலைத்தான். கூடவே குடும்பம் நடத்தின இந்தப் பொம்பளை குரல் எப்படி இருக்கும்னு அவருக்குத் தெரியவே தெரியாது.

பாட்டு எப்ப முடிஞ்சுதுன்னு தெரியாம, அவங்க தலை நிமிர்ற வரைக்கும் அவரு அசையாம உக்கார்ந்திருந்தாரு. மறுநாள் ஆறரை பஸ்ஸுக்கு மகாலட்சுமி போயிட்டாங்க.