திரேசம்மை மாமி சொல்லாத விலை

நான் படிக்கும் கோட்டாற்றுக்கு மீன் சுமந்து வந்த பெண்கள்தான் பள்ளிக்கூட வாசலில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: "மக்கா, உங்க திரேசம்மை மாமி போயிட்டாவ. காய்ச்சலு நெஞ்சுல எறங்கிட்டு."

மாமி என் அப்பாவின் அக்கா. அவருடைய பெயரை எங்கள் வீட்டில் சொல்லக் கூடாது என்று அப்பா போட்ட கட்டளை இன்னும் நீங்கவில்லை. நான் இப்படி ஒளித்து எழுதுவது தெரிந்தால் என் படிப்பு நின்றுவிடும். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மாமியை அறியாதவர்கள் அறிய வேண்டும்.

எங்கள் ஊரான கடியப்பட்டணத்தில் கரையில் நின்று வலை இழுக்கும்போது, வலையின் பையான மடி மீன் நிறைந்து முட்டளவுத் தண்ணீருக்கு வந்ததும் மீன்காரப் பெண்களில் மூத்தவர் முதல் விலை சொல்வார். அதற்கு முன் ஒருவரும் மீனைத் தொடுவதில்லை. அந்த உரிமை மாமிக்கு இருந்தது.

பெருவிரல் நுழையாத கண்ணுள்ள வலை கூடாது, குஞ்சு மீனைப் பிடிக்கக் கூடாது என்று சர்க்கார் பறையறைவித்தபோது கரையே சிரித்தது.

"ஏலே, கடலுக்கும் சர்க்காரு வேலி கெட்டப் போவுதாம்!" என்றார் அப்பா.

அதிகாரி வரும் நாளில் பெரிய கண் வலை மணலில் காயும். அவர் போனதும் பழைய வலை கடலில் இறங்கும்.

ஒருநாள் அப்பாவின் வலை மடி நிறையச் சாளை மீன் குஞ்சு. மாமி வாய் திறக்கவில்லை.

"அக்கா, வெலை சொல்லும்."

"இதுக்கு வெலை கெடையாது தம்பி. அவுத்து விடு."

"சர்க்காரு உமக்குச் சம்பளம் தருதோ?"

"சர்க்காரு கெடக்கட்டு. போன வருசம் சாளை வராம ஒம் புள்ளையளு மரச்சீனிக் கெழங்கத் தின்னு கெடந்தது மறந்துட்டா?"

அப்பா அசையவில்லை. குஞ்சுகள் செத்தன. ஒரு பெண்ணும் கூடையை நீட்டவில்லை. எல்லாம் தென்னைக்கு உரமாகப் போயிற்று. அன்றோடு அப்பா அக்காவிடம் பேச்சை நிறுத்தினார். ஆனால் கரையில் எல்லாரும் பெரிய கண் வலைக்கு மாறினார்கள், முணுமுணுத்துக்கொண்டே அப்பாவும். பிறகு அதிகாரி எட்டிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

மாமியை அடக்கம் செய்த மறுநாள் அப்பா பரணிலிருந்து பழைய வலையை இறக்கினார். மடி முழுக்கக் குஞ்சு துள்ளியது. மீன்காரப் பெண்களில் மாமிக்கு அடுத்த மூத்தவர் என் அம்மா; முதல் விலை இனி அவர் சொல்ல வேண்டும். அப்பாவை எதிர்த்து ஒரு சொல் பேசியறியாதவர்.

"ஏட்டி, வெலையச் சொல்லு."

அம்மா மடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"காது கேக்கலியாட்டி?"

"கேக்குது," என்றார் அம்மா. "வெலைதான் இல்ல."

யாரோ ஒரு பெண் சிரித்தாள். பிறகு கயிறு பிடித்திருந்த ஆண்களும் சிரித்தார்கள். அப்பா அம்மாவை வெகுநேரம் முறைத்தார். தண்ணீரில் இறங்கினார். குனிந்து மடியின் கட்டை அவிழ்த்தார்.

குஞ்சுகள் அம்மாவின் கால்களைச் சுற்றிக்கொண்டு வெள்ளி வெள்ளியாக ஆழத்துக்கு ஓடின.

போய் வாருங்கள் மாமி. ஜெயித்துவிட்டீர்கள்.